பழைய பித்தளைத் தீயணைப்பானைத் திறக்கலாமா?

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்தப் பழைய பித்தளைத் தீயணைப்புப் பம்பைப் படுக்கையறை அலமாரியிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். இன்றைக்கே. அறையின் சன்னல்களைத் திறந்துவைத்து, ஏர்கானை நிறுத்திவிட்டு, பம்பை நிமிர்ந்தபடி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய்ப் பின்கட்டில் காற்றாடும் நிழலில் வையுங்கள். குலுக்கிப் பார்க்க வேண்டாம், கைப்பிடியைத் திருக வேண்டாம், மூடியைத் தொடவே வேண்டாம். பிள்ளைகள் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதே கேள்வி வேறு பலருக்கும் இருக்கும். உங்கள் மாமா லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் மூன்று வகைப் பொருள் வாங்கித் தந்திருக்கிறார். ஒன்றேகால் அடி நீளப் பித்தளைப் பம்பு ஒன்று. இரண்டடி உயரச் செம்புத் தீயணைப்பான் ஒன்று. இரும்புப் பிடியோடு சுவரில் மாட்டும், மின்விளக்குக் குமிழ் மாதிரியான கண்ணாடி உருண்டைகள் இரண்டு. பினாங்கு ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடு ஒன்றை எடுத்து உணவகம் திறக்கப்போகிறீர்கள், இவற்றை அங்கே அழகுக்கு வைக்க ஆசை. பம்பின் அடியில் துளை போட்டு மேசைவிளக்கு ஆக்க வேண்டும், உருண்டைகளைக் கல்லாவுக்கு மேலே மாட்ட வேண்டும். பம்புக்குள் ஏதோ தளும்புகிறது, பழைய தண்ணீராகத்தான் இருக்கும், சாக்கடையில் ஊற்றிவிட்டுப் புளி போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஊற்றக்கூடாது. திறக்கவே கூடாது. நான் பிறையில் தீயணைப்பான்களைச் சோதித்து நிரப்பிக் கொடுக்கும் பட்டறைகளில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். இந்தப் பொருள்களின் மேல் எனக்கும் பிரியம் உண்டு, வீட்டிலும் சிலவற்றை வைத்திருக்கிறேன். அதனால் தூக்கி எறியுங்கள் என்று சொல்லப் போவதில்லை. உள்ளே இருப்பதை முறையாக எடுக்கவைத்த பிறகு அந்தப் பித்தளை உங்கள் பேரன் காலத்துக்கும் இருக்கும். அதுவரை அது விஷம் அடைத்த ஒரு பாத்திரம், அவ்வளவுதான்.

நீங்கள் அனுப்பிய படத்தில் இருக்கும் பம்பு பைரீன் வகை. அமெரிக்காவில் 1910களின் தொடக்கத்தில் வந்தது. பிறகு இங்கிலாந்தில் பிரென்ட்ஃபோர்டிலும் ஒரு பைரீன் தொழிற்சாலை இருந்தது. வேலை செய்யும் விதம் நம் பிள்ளைகளின் பீச்சாங்குழல் போலத்தான்: கைப்பிடியை ஒரு திருகு திருகிப் பூட்டைத் திறந்து, இழுத்து அமுக்கினால் நுனியிலிருந்து திரவம் பீய்ச்சும். கார், பஸ், லாரி, படகு, மின்சார அறை என்று எங்கும் இதை மாட்டியிருந்தார்கள். மின்சாரத்தைக் கடத்தாது, பெட்ரோல் தீயையும் அணைக்கும், கையடக்கமானது. உள்ளே ஊற்றிய திரவத்தின் பெயர் கார்பன் டெட்ராகுளோரைடு. பார்க்கத் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். முகர்ந்தால் லேசான இனிப்பு வாடை, பழைய டிரைகிளீனிங் கடைகளில் அடித்த வாடை. அதே திரவத்தைத்தான் ஒரு காலத்தில் துணி சலவைக்கும் பயன்படுத்தினார்கள். முகர்ந்து பாருங்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வாடை தெரிகிறது என்றாலே அளவு மீறிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு மீறும் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பம்பு நிறைய இருந்தால் ஒரு குவார்ட், கிட்டத்தட்ட 950 மில்லி. இந்தத் திரவம் தண்ணீரைப்போல் 1.6 மடங்கு கனம், ஆக ஒன்றரைக் கிலோ. அது முழுவதும் ஆவியானால் 240 லிட்டர் ஆவி. பன்னிரண்டுக்குப் பத்து அடி அறை, பத்தடி உயரம் என்றால் உள்ளே காற்று 34,000 லிட்டர். அதாவது காற்றில் பத்து லட்சத்துக்கு 7,000 பங்கு. அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் நிறுவனம், உயிருக்கு உடனடி ஆபத்து என்று குறித்திருக்கும் அளவு பத்து லட்சத்துக்கு 200 பங்கு. முப்பத்தைந்து மடங்கு! முழுப் பம்பும் வேண்டாம், 60 மில்லி, அரைக் கோப்பை தேத்தண்ணீர்கூட இல்லை, அவ்வளவு சிந்தி ஆவியானாலே அந்த 200-ஐப்போல் இரண்டு மடங்கு ஆகிவிடும். நம் ஊர் வெக்கையில் சிந்தியது சீக்கிரம் ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிட ஐந்து மடங்கு கனம். மேலே போகாது, தரையோடு படியும். பாய் விரித்துப் பிள்ளைகளைத் தரையில் படுக்கவைக்கும் வீட்டில் இது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

படத்தில் நிரப்பு மூடியைச் சுற்றிப் பச்சை வளையம் ஒன்று தெரிகிறது. என்னை உடனே எழுதவைத்தது அதுதான். பித்தளை நம் ஈரக் காற்றில் எங்கும் கொஞ்சம் பச்சை பிடிக்கும், அது சாதாரணம். ஆனால் உடம்பெல்லாம் பழுப்பாக இருந்து மூடியின் அடியில் மட்டும் பச்சை வளையமாகக் கட்டியிருந்தால், உள்ளேயிருந்து கசிகிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். அந்த மூடிக்குள் தக்கையாலோ தோலாலோ ஒரு வாஷர் இருக்கும். எழுபது, எண்பது வருடத்தில் அது காய்ந்து சுருங்கிப்போகும். இடுக்கு வழியாக வரும் ஆவி காற்றின் ஈரத்தோடு சேரும்போது மெதுவாக ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகும், அது பித்தளையை அரிக்கும். கசிகிறதா என்பதைத் திறக்காமலே கண்டுபிடிக்க வழி உண்டு. இப்போது தராசில் நிறுத்தி எடையைத் தேதியோடு எழுதிவையுங்கள். பத்து நாள் கழித்து அதே தராசில் மறுபடி நிறுங்கள். சில கிராம் குறைந்திருந்தால் கசிவு உறுதி. சமையலறைத் தராசு வேண்டாம், தனித் தராசு எடுத்துக்கொள்ளுங்கள், நிறுப்பதும் வெளியிலேயே நடக்கட்டும்.

இந்தத் திரவம் உடம்புக்குள் என்ன செய்யும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 1980களின் நடுவில், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கப்பல்களிலிருந்து கழித்த பழைய பம்புகள் ஒரு மூட்டை பட்டறைக்கு வந்தன. பித்தளையை எடைக்குப் போட வேண்டும், உள்ளே இருப்பதைக் காலி பண்ணு என்று முதலாளி சொல்லிவிட்டார். எங்களோடு இருந்த மூத்தவர் ஒருவரைப் பெரியண்ணன் என்று கூப்பிடுவோம். அவர்தான் உட்கார்ந்தார். வெளியே நல்ல மழை, சாரல் அடிக்கிறது என்று முன்கதவை முக்கால்வாசி இறக்கியிருந்தார்கள். வெள்ளைப் பீங்கான் பூச்சுப் போட்ட ஒரு தட்டில் மூன்று பம்புகளைக் கவிழ்த்துக் காலி பண்ணினார். அந்தத் திரவம் கையில் இருந்த கிரீஸைப் பூப்போல எடுத்துவிட்டதைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம். முழங்கை வரைக்கும் கழுவினார். "சோப்பே வேணாம்டா, பாரு" என்று என்னிடம் கையை நீட்டிக் காட்டினார். தோல் வெள்ளைவெளேரென்று சாம்பல் பூத்தாற்போல் இருந்தது, தோலின் எண்ணெயெல்லாம் போயிருந்தது. எனக்கு அன்று கடைக்குப் போய்வரும் வேலை, பாதி நேரம் ஐந்தடியில்தான் நின்றேன்.

சாயங்காலம் அவருக்குத் தலைவலி, குமட்டல். மழையில் நனைந்ததால் வந்தது என்று சொல்லி, இரவு வழக்கம்போல் கொஞ்சம் சம்சுச் சாராயம் குடித்துவிட்டுப் படுத்தார். மறுநாள் தேவலை என்று வேலைக்கு வந்தார். மூன்றாம் நாள் அவருடைய கண் மஞ்சள் அரைத்துப் பூசினாற்போல் இருந்தது, சிறுநீர் சரியாகப் போகவில்லை. மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, என்ன மருந்தைத் தொட்டார் என்பதுதான். எங்கள் ஒருவருக்கும் அதன் பெயர் தெரியவில்லை. நான் ஓடிவந்து, காலியான பம்பின் பித்தளைத் தகட்டில் இருந்த எழுத்துகளை சிகரெட் பெட்டியின் உள்தாளில் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன். டாக்டர் அதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. அப்புறம், "இவர் குடிப்பாரா?" என்று கேட்டார்.

ஏன் அப்படிக் கேட்டார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. கார்பன் டெட்ராகுளோரைடு அப்படியே ஈரலைக் கெடுப்பதில்லை. ஈரலில் இருக்கும் ஒரு நொதி அதை உடைக்கிறது, உடைந்து வரும் துண்டுதான் ஈரல் செல்களைத் தாக்குகிறது. மது அருந்துபவர்களின் ஈரலில் அந்த நொதி அதிகம் சுரக்கும். அதனால் ஒரே அளவு ஆவியைச் சுவாசித்த இருவரில், குடிப்பவருக்குப் பாதிப்பு பல மடங்கு ஆகலாம். முதல் நாள் தலைச்சுற்றல், வாந்தி. நடுவில் சரியாகிவிட்டது போன்ற ஒரு தோற்றம். அப்புறம் ஈரல், அதைத் தொடர்ந்து சிறுநீரகம். அந்த நடு நாள்தான் ஆளை ஏமாற்றுவது. பெரியண்ணன் பிழைத்தார், பல வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார். பழைய பலம் திரும்பவே இல்லை.

அடுத்து விளக்குச் சமாசாரம். துளை போட வேண்டும், பற்றவைக்க வேண்டும் என்று யாரிடமாவது கொடுத்தால் அவர் முதலில் திரவத்தை ஊற்றிவிட்டு, காலிதானே என்று கேஸ் டார்ச்சைப் பிடிப்பார். அது காலி இல்லை. இந்தப் பம்பில் வெளி உருளைக்குள் இன்னொரு சின்னக் குழல் இருக்கிறது, பிஸ்டன் ஓடும் குழல். கவிழ்த்தால் வெளி உருளையில் இருப்பதுதான் வரும். குழலுக்குள்ளும் வாஷர்களிலும் மிச்சம் நிற்கும். அந்த மிச்சத்தின் மேல் நெருப்போ பழுக்கக் காய்ந்த உலோகமோ பட்டால் பாஸ்ஜீன் என்ற வாயு உண்டாகும். முதல் உலகப் போரில் 1915 டிசம்பரில் பெல்ஜியத்தின் ஈப்ர் பக்கம் ஜெர்மானியர்கள் ஆங்கிலேயப் படைமேல் விட்டார்களே, அதே வாயு. அந்தப் போரில் விஷவாயுவால் இறந்தவர்களில் பெரும்பாலானோரைக் கொன்றது இதுதான். புதிதாக அறுத்த புல்லின் மணம் வரும் என்பார்கள். மூச்சுமுட்டல் உடனே வராமல் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள் கழித்தும் வரும். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். மாற்று மருந்து கிடையாது. தீயை அணைக்க இந்தப் பம்பை மூடிய அறைக்குள் அடித்தவர்கள் செத்திருக்கிறார்கள் என்பதால்தான் ஒவ்வொரு நாடாக இதை விலக்கின. அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் வேலையிடத்தில் இதை வைக்கவே கூடாது என்கிறது. ஆக, திரவம் எடுக்கப்பட்டது என்று பொறுப்பானவர் எழுதிக் கொடுக்கும்வரை டிரில், டார்ச், ஈயப்பற்று எதுவும் வேண்டாம். பம்பு இருக்கும் இடத்தில் சிகரெட்டும் கூடாது. இந்தத் திரவம் தீப்பற்றாது என்பது உண்மைதான், அந்த நம்பிக்கையில் பக்கத்தில் நெருப்பை வைத்துக்கொள்வதுதான் தவறு.

முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு நானே வெளியில் வைத்துத் திறக்கிறேன் என்று சிலர் சொல்வார்கள். கொரோனா காலத்தில் வாங்கிய கவசம் தூசியைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. மருத்துவமனையில் போடும் மெல்லிய ரப்பர் கையுறையை இந்தத் திரவம் ஊடுருவித் தோலுக்குப் போய்விடும், தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். இதற்கென்று இருக்கும் கையுறை வேறு, வடிகட்டி வேறு, அவற்றைப் போட்டுக்கொண்டு செய்யத் தெரிந்த ஆளும் வேறு.

சாக்கடையில் ஊற்றினால் என்ன ஆகும் என்றும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் அதிகம் கரையாது, தண்ணீரைவிடக் கனம் என்பதால் அடியில் போய் உட்காரும், மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரில் வருடக்கணக்கில் கிடக்கும். ஓசோன் படலத்தையும் கெடுக்கும். 1987 மான்ட்ரியல் உடன்படிக்கையில் 1990-ல் லண்டனில் செய்த திருத்தம் இதைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. மலேசியா 1989-லிருந்தே அந்த உடன்படிக்கையில் இருக்கிறது. இங்கே இந்த மாதிரிக் கழிவுகளுக்கு 2005-ல் வந்த பட்டியலிட்ட கழிவு விதிகள் உண்டு, பார்த்துக்கொள்வது ஜபாத்தான் ஆலாம் செக்கித்தார், அதாவது சுற்றுச்சூழல் துறை.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. சுற்றுச்சூழல் துறையின் பினாங்கு மாநில அலுவலகத்தை அழைத்து, வீட்டில் பழைய கார்பன் டெட்ராகுளோரைடு தீயணைப்பான் இருக்கிறது, உரிமம் பெற்ற எந்தக் கழிவு நிறுவனம் இதை எடுக்கும் என்று கேளுங்கள். திரவத்தின் பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள், வெறும் பழைய ஃபயர் எக்ஸ்டிங்குயிஷர் என்று சொன்னால் உலர்தூள் சிலிண்டர் என்று நினைத்துக்கொள்வார்கள். கழிவு நிறுவனத்திடம் திரவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உடம்பைச் சுத்தம் பண்ணித் திருப்பித் தர முடியுமா என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். சிலர் முழுதாகத்தான் எடுப்பார்கள். முழுதாகத்தான் எடுப்போம் என்று சொன்னால், என் மனதில் பட்டதைச் சொல்கிறேன், கொடுத்துவிடுங்கள். ஒரு பித்தளைப் பம்பு லோரோங் கூலிட்டில் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும். எடுத்த திரவத்தை அதற்கென்று கட்டிய உயர்வெப்ப உலையில் எரித்து, புகையைக் கழுவி வெளியே விடுவார்கள். நெகிரி செம்பிலானில் புக்கிட் நானாஸ் நிலையம் அப்படிப்பட்டதுதான்.

அவர்கள் வரும்வரை பம்பை ஒரு மூடியுள்ள இரும்பு டின்னுக்குள், பெயிண்ட் வருமே அந்த மாதிரிப் பெரிய டின்னுக்குள், நிமிர்த்தி வைத்துச் சுற்றிலும் பூனைக்குப் போடும் மண்ணை நிரப்பிவிடுங்கள். கசிந்தால் அது உறிஞ்சிக்கொள்ளும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், அந்த உலோகத்துக்கும் இந்தத் திரவத்துக்கும் ஒத்துவராது. டின்மேல் உள்ளே என்ன இருக்கிறது என்று தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டுங்கள். வெயில் படக்கூடாது. காரில் ஏற்றிக்கொண்டு போய் யாரிடமும் காட்ட வேண்டாம், அடைத்த காருக்குள் அந்த ஆவியோடு பாலத்தைத் தாண்டுவது நல்லதல்ல.

அடுத்து அந்தச் செம்புத் தீயணைப்பான். மேலே கனமான மூடி, பக்கத்தில் ரப்பர் குழாய், அடியில் கைப்பிடி இருப்பதைப் பார்த்தால் சோடா அமில வகை. தலைகீழாகக் கவிழ்த்தால் உள்ளே மாட்டியிருக்கும் கண்ணாடிப் புட்டியிலிருந்து கந்தக அமிலம் கொட்டும், உருளையில் கரைந்திருக்கும் ஆப்ப சோடாவோடு சேர்ந்து பொங்கும், அந்த வாயு அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சும். 1902-ல் ஜெர்மனியில் வந்த மினிமாக்ஸ் கூம்பு வகையில் கவிழ்க்காமல் ஒரு குமிழைத் தரையில் இடித்து உள்ளே இருக்கும் புட்டியை உடைப்பார்கள். இதில் விஷ ஆவி இல்லை, ஆனாலும் அலட்சியமாக இருக்க முடியாது. தண்ணீர் எப்போதோ வற்றியிருக்கும், அமிலம் வற்றாது. கந்தக அமிலம் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உள்ளது. நம் ஊர்க் காற்றில் புட்டிக்குள் அளவு குறைவதற்குப் பதில் ஏறி வழிந்துகூட இருக்கலாம். இன்னொரு ஆபத்து அழுத்தம். செம்புத் தகட்டை ஈயம் வைத்தும் ஆணி அறைந்தும் இணைத்திருப்பார்கள், அந்த இணைப்பு உள்ளே எவ்வளவு அரித்திருக்கிறது என்று வெளியே தெரியாது. குழாய் அடைத்திருக்கும்போது யாராவது விளையாட்டாகக் கவிழ்த்தால் மூடி பறக்கும். கவிழ்த்து இயக்கும் இந்த வகைகளையெல்லாம் 1982 ஜனவரி 1-க்குள் வேலையிடங்களிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டமே போட்டார்கள், நிரப்பி வைத்திருந்தாலும் ஆளைக் கொல்லக்கூடியவை என்பதால்.

இதைக் கவிழ்க்காமல், சாய்க்காமல், மூடியைத் தீயணைப்பான் பட்டறையில் திறக்கச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்தில் அனுபவமுள்ள பட்டறை இருந்தால் போதும், கழிவு நிறுவனம் வேண்டியதில்லை. முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு, தடித்த ரப்பர் கையுறை, ஏப்ரன். புட்டியை நேராக வெளியே எடுத்து, அமிலம் இருந்தால் தனியே வைத்துவிடுவார்கள். அமிலத்துக்குள் தண்ணீர் ஊற்றவே கூடாது, கொதித்துத் தெறிக்கும். உருளையின் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு இருந்தால் அது சோடாதான், தண்ணீர் விட்டுக் கழுவலாம். அதன் பிறகு மேல்மூடியின் சுரையை மட்டும் நிரந்தரமாகத் தளர்த்திவிடச் சொல்லுங்கள், பிறகு யார் என்ன செய்தாலும் உள்ளே அழுத்தம் சேராது.

கண்ணாடி உருண்டைகளைப் பற்றித்தான் எனக்கு இப்போதும் கவலை. தீயில் எறிந்து அணைக்கும் தீக்குண்டு என்று சொல்லி 1880களில் அமெரிக்காவில் விற்ற ஹார்டன் ஸ்டார் வகையைப் பாட்டில் மாதிரி கழுத்தோடு, நீலக் கண்ணாடியில் செய்வார்கள்; உள்ளே உப்பு நீர், பெரிய ஆபத்து இல்லை. உங்களிடம் இருப்பது அது இல்லை. கழுத்தில்லாமல் குமிழ் மாதிரி மூடி உருக்கிய கண்ணாடி, சுருள்வில் உள்ள சிவப்பு இரும்புப் பிடி, இதெல்லாம் இருபதாம் நூற்றாண்டில் வந்த வகை. அதற்குள் பெரும்பாலும் கார்பன் டெட்ராகுளோரைடுதான். சூடு பட்டால் பிடியில் இருக்கும் சின்ன இணைப்பு உருகி, வில் விடுபட்டுச் சுத்தியல் மாதிரி கண்ணாடியை உடைக்கும். அப்படித்தான் அதை அமைத்திருக்கிறார்கள். அதை உணவகத்தில், கல்லாவுக்கு மேலே, மனிதர்களின் தலைக்கு மேலே மாட்டக்கூடாது தம்பி. ஒரு கோல் பட்டாலும் போதும். திரவம் நிறமற்றதாக இருக்கலாம், சிவப்புச் சாயம் போட்டதாக இருக்கலாம், நிறத்தை வைத்து ஒன்றும் முடிவு செய்யாதீர்கள். கையில் எடுத்தபோது பார்ப்பதைவிடக் கனமாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், அது தண்ணீர் இல்லை என்பதற்கு அதுவே அறிகுறி.

உருண்டைகளைப் பிடியிலிருந்து நீங்களே கழற்ற வேண்டாம், வில் விடுபடும். பிடியோடு சேர்த்துப் பழைய துணியில் சுற்றி, பூனைமண் நிரப்பிய இன்னொரு டின்னில் வைத்து, பம்போடு சேர்த்துக் கழிவு நிறுவனத்திடம் கொடுத்துவிடுங்கள். உருண்டைகளைத் திரும்பக் கேட்காதீர்கள். உடைக்காமல் காலி செய்ய வழியில்லை. வெறும் பிடி கிடைத்தால் அதில் சாதாரணக் கண்ணாடிக் குமிழில் தண்ணீர் அடைத்துப் பொருத்திக்கொள்ளலாம், பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

ஒருவேளை ஏதாவது உடைந்துவிட்டால், அல்லது சிந்திவிட்டால், துடைக்க முயல வேண்டாம். அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் வெளியேறும் வழியில் முடிந்தால் அணையுங்கள், எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய்க் கதவு சன்னலைத் திறந்துவிட்டு 999-க்கு அடித்துப் பொம்பாவிடம், அதாவது தீயணைப்புத் துறையிடம், திரவத்தின் பெயரைச் சொல்லுங்கள். உடம்பில் பட்டிருந்தால் அந்தத் துணியை உடனே கழற்றிவிட்டுச் சோப்பும் தண்ணீரும் விட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் அதே அளவு நேரம். சுவாசித்தவர் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். முதல் சில மணி நேரத்தில் ஈரலைக் காக்கும் மருந்து கொடுக்க வாய்ப்பு உண்டு, மஞ்சள் தெரிந்த பிறகு போனால் அந்த வாய்ப்புப் போய்விடும். தலைவலிக்குப் பெனடால் போட்டுக்கொள்ளாதீர்கள், அதுவும் ஈரலில்தான் சுமை ஏற்றும். மது வேண்டவே வேண்டாம். டாக்டருக்கே சந்தேகம் வந்தால் கேட்க நம் தீவிலேயே இடம் இருக்கிறது, மிண்டனில் யுஎஸ்எம் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள தேசிய விஷ மையம்.

பித்தளையைப் பற்றிக் கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். திரவம் போய், சுத்தமாகித் திரும்பி வந்தால் புளியோ பிராசோ பாலிஷோ போட்டுப் பளபளவென்று ஆக்க வேண்டாம் என்பது என் கருத்து. நிறுவனப் பெயரும் வாசகமும் உள்ள தகட்டில் எழுத்துகள் ஏற்கெனவே பாதி தேய்ந்திருக்கின்றன, நான்கு தடவை தேய்த்தால் அது என்ன பொருள் என்றே தெரியாமல் போய்விடும். ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் மெல்லிய மெழுகு ஒரு பூச்சு, போதும். செம்பு உருளையின் இணைப்புகளில் ஈயம் இருப்பதால் தொட்ட கையைக் கழுவிவிட்டு அடுக்களைக்குப் போங்கள். உணவகத்தில் தீ அணைக்க வைப்பது பொம்பா முத்திரையுள்ள புதுக் கருவியாக இருக்கட்டும். பழையதைப் பார்க்கும் வேலையாட்கள் ஆபத்து நேரத்தில் அதைத் தூக்கிக்கொண்டு ஓடாதபடி, எட்டாத உயரத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள்.

இன்னொன்று. மாமாவிடம் கேட்டு, அவர் இவற்றை எந்த வியாபாரியிடம் வாங்கினார், அவர் எந்த வரிசையில் கடை விரிப்பவர் என்று எனக்குச் சொல்லுங்கள். ஒரு பழைய பங்களாவையோ கப்பலையோ காலி செய்யும்போது இது ஒன்றிரண்டாக வராது, மொத்தமாகத்தான் வரும். அவரிடம் இன்னும் இருக்கக்கூடும், அவற்றின் மேல் அவருடைய பிள்ளைகள் உட்கார்ந்திருக்கவும் கூடும். ஞாயிற்றுக்கிழமை காலை சந்தைக்கு நானும் வருகிறேன், சேர்ந்து போய் அவரிடம் பேசலாம்.